செவிக்குரிய காட்சி
ரசூல் பூக்குட்டியும் இந்திய மாற்றுத் திரையின் ஒலிக்கலையும்

நிலத்தின் இயல்பை வரையறுக்கப் புகுந்த தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் கருப்பொருள்களாகச் சேர்த்து வைத்தார். ஒரு நிலத்தைக் கண்ணால் கண்டதோடு அறிவு நிறைவுறாது. அதன் ஓசையையும் செவி அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதன் உட்கிடை. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்த இலக்கண நூலாரும் உரையாசிரியரும் இதனை விரித்துரைத்தனர். பறையொலி கேட்ட அளவிலேயே இஃது இன்ன நிலம் எனச் செவி சொல்லிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலையாக வளர்ந்த இந்தியத் திரைப்படம் இவ்வுண்மையை நெடுங்காலம் மறந்திருந்தது. மலையைக் காட்டியது, மலையின் ஓசையைக் காட்டவில்லை. உழவனைக் காட்டியது, அவன் குரலை எங்கோ ஒரு குளிரூட்டிய அறையிலிருந்து வரவழைத்தது. இந்நிலையை மாற்ற முயன்றோர் சிலர். அவர்களுள் உலகறிந்தவர் கேரளத்து ரசூல் பூக்குட்டி. அவருடைய தொழில் வாழ்வை அறிய வேண்டுமாயின், அவர் எந்த மரபில் வந்தார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பேசத் தொடங்கிய படம்

இந்தியாவின் முதற் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பம்பாயில் வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ சென்னையில் திரையேறித் தமிழ்ப் பேச்சையும் பாட்டையும் திரைக்குக் கொணர்ந்தது. அக்காலத்தில் நடிகர் பேசும்போதே அவர் குரல் பதிவு செய்யப்பட்டது. ‘ஆலம் ஆரா’வை உருவாக்கிய அர்தேஷிர் இரானியின் படப்பிடிப்பு நிலையம் இருப்புப் பாதைக்கு அருகில் இருந்தமையால், தொடர்வண்டிகள் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே படம் பிடிக்க வேண்டியிருந்தது. ஒலிவாங்கிகளை நடிகரின் அருகில் மறைத்து வைத்தனர். இந்தியத் திரையின் ஒலி வரலாறு இவ்வாறு ஊர் ஓசைக்கு அஞ்சி ஒளிந்து தொடங்கியது எனலாம்.

பின்னர்க் குரலும் உடலும் மெல்ல மெல்லப் பிரிந்தன. 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தார் பின்னணிப் பாடல் முறையைக் கையாண்டனர். தமிழில் ஏ. வி. மெய்யப்பனார் 1938இல் ‘நந்தகுமார்’ படத்தின் வாயிலாக அம்முறையைப் புகுத்தினார். கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ்க் குரல்களோடு 1944இல் வெளியிட்டு மொழிமாற்றுப் படத்திற்கு வழிகோலியவரும் அவரே. ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பாடலாம், ஒருவர் நடிக்க மற்றொருவர் பேசலாம் என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

படப்பிடிப்பு அரங்கை விட்டு வெளிநிலத்திற்குச் சென்றபோது இப்பிரிவு மேலும் அகன்றது. தூக்கிச் செல்வதற்கு எளிதாயிருந்த படக்கருவிகள் ஓடும்போது இரைந்தன. அந்த இரைச்சலோடு கூடிய குரலைப் பயன்படுத்த இயலாது. ஆகவே படப்பிடிப்பின்போது பதிவான ஒலி வெறும் வழிகாட்டியாகக் கொள்ளப்பட்டு, பின்னர் எறியப்பட்டது. நடிகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று, திரையில் திரும்பத் திரும்ப ஓடும் தம் உதட்டசைவைப் பார்த்து அதே சொற்களை மறுபடி பேசினர். இதுவே ‘டப்பிங்’ என வழங்கும் முறை.

இம்முறையால் நன்மையே இல்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. செலவு குறைந்தது, மொழியறியா நடிகரும் பிறமொழிப் படங்களில் நடிக்க முடிந்தது, குரற்கலைஞர் பலர் வாழ்வு பெற்றனர். ஆயினும் இழப்பும் பெரிது. களத்தில் மூச்சிரைக்கப் பேசிய பேச்சை, மறு மாதம் இருக்கையிலிருந்து எழுந்து வந்து அவ்வாறே பேசிவிட இயலாது. வட்டார வழக்குகள் தேய்ந்து, எவ்வூரார்க்கும் உரியதல்லாத ஒரு திரைத்தமிழ் தோன்றியது. எல்லா ஊரின் காற்றும் ஒரே காற்றாக வீசியது. எல்லாக் கதவும் ஒரே கதவாகச் சாத்தியது.

கேரளத்து முன்னோடிகள்

மாற்றத்திற்கான வித்து புனேயில் ஊன்றப்பட்டது. பழைய பிரபாத் படப்பிடிப்பு நிலையம் இருந்த நிலத்தில் 1960இல் இந்திய அரசு திரைப்படக் கல்லூரியைத் தொடங்கியது. இயக்கம், ஒளிப்பதிவு ஆகியவற்றோடு ஒலிப்பதிவும் அங்குத் தனித்துறையாகக் கற்பிக்கப்பட்டது. அங்குப் பயின்ற அடூர் கோபாலகிருஷ்ணன், நண்பர்களோடு சேர்ந்து 1965இல் திருவனந்தபுரத்தில் ‘சித்ரலேகா’ என்னும் திரைப்படக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். திரைப்பட நிதிக் கழகத்தின் கடனுதவியோடு இச்சங்கம் 1972இல் வெளியிட்ட படமே ‘சுயம்வரம்’.

இப்படத்தில் நடிகர் பேசும் இடத்திலேயே அவர் குரலைப் பதிவு செய்யும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஒலிப்பொறுப்பை ஏற்றவர் பி. தேவதாஸ். அவர்க்குத் துணையாயிருந்தது ‘நாக்ரா’ என்னும் நாடாப் பதிவுக் கருவி. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெபான் குடெல்ஸ்கி 1951இல் உருவாக்கிய கருவி இது. போலிஷ் மொழியில் அப்பெயருக்குப் ‘பதிவு செய்யும்’ என்பது பொருள். தோளில் மாட்டிச் செல்லத்தக்க இக்கருவி, ஒலிப்பதிவாளரைக் கூடத்தின் நான்கு சுவர்களிலிருந்து விடுவித்தது.

தேவதாசின் திறம் ‘எலிப்பத்தாயம்’ படத்தில் முழுமை பெற்றது. 1981இல் உருவான இப்படம், சிதைந்துவரும் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் கதை. தன் காலம் முடிந்ததை உணராத உண்ணி, வீட்டின் எல்லா வேலைகளுக்கும் தமக்கை தங்கையரையே அழைத்துக்கொண்டிருக்கிறான். இரவில் எலிகளின் அரவம், பொறியின் கதவு விழும் ஓசை, குளத்து நீரின் சலசலப்பு ஆகியவை அங்கே பின்னணியாக அமையாமல் கதையின் உறுப்புகளாகவே அமைகின்றன. எம். பி. சீனிவாசனின் இசை அவ்வோசைகளுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறது. 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ என்னும் தமிழ் முயற்சிக்கும் இசை தந்தவர் இச்சீனிவாசனே. ‘எலிப்பத்தாயம்’ தேவதாசுக்கு ஒலிப்பதிவுக்கான தேசிய விருதைத் தேடித்தந்தது. 1984இல் ‘முகாமுகம்’ படத்திற்காக அவர் மீண்டும் அவ்விருதைப் பெற்றார்.

இம்மரபு அவரோடு நின்றுவிடவில்லை. ஷாஜி என். கருண் 1988இல் இயக்கிய ‘பிறவி’யில், காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் முதிய தந்தையின் துயரத்தை மழையின் ஓசையே பேசிற்று. அதன் ஒலிப்பதிவாளர் டி. கிருஷ்ணனுண்ணி தேசிய விருது பெற்றார். அதன்பின், பஷீரின் கதையைத் தழுவி அடூர் எடுத்த ‘மதிலுகள்’ வெளிவந்தது. சிறைமதிலுக்கு அப்பாலிருக்கும் நாராயணி என்னும் பெண் இப்படத்தில் ஒருமுறையேனும் திரையில் தோன்றுவதில்லை. அவள் குரல் மட்டுமே கேட்கிறது. அக்குரலின் மீது ஒருவன் கொள்ளும் காதலே கதை. இதன் ஒலிப்பதிவுக்காக என். ஹரிகுமார் தேசிய விருது பெற்றார். கண்ணுக்குத் தோன்றாத ஒருத்தியைச் செவி முழுமையாகக் கண்டுவிடும் என்பதை இப்படம் மெய்ப்பித்தது.

விளக்குப்பாறையிலிருந்து புனேக்கு

இம்மரபின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் ரசூல் பூக்குட்டி. கொல்லம் மாவட்டத்து அஞ்சலை அடுத்த விளக்குப்பாறை என்னும் சிற்றூரில் 1971இல் பிறந்தார். பெற்றோர்க்கு எட்டு மக்கள், அவர் கடைக்குட்டி. தந்தையார் தனியார் பேருந்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராய் இருந்தவர். பெயரில் விளக்கு இருந்தும் அவ்வூரில் அந்நாளில் மின்விளக்கு இல்லை. ஆறு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குச் சென்று, இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்தார். மின்சாரம் புகாத ஊரின் இரவு எத்தகைய நுண்ணோசைகளைக் கொண்டது என்பதை அறிய அவ்விளமைப் பருவம் அவர்க்கு வாய்த்தது.

இயற்பியலில் பட்டம் பெற்றுத் திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் சேர்ந்த அவர், சட்டப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்றார். 1995இல் ஒலிப்பதிவுப் படிப்பை முடித்து மும்பை சேர்ந்தார். ரஜத் கபூர் இயக்கிய ‘பிரைவேட் டிடெக்டிவ்’ என்னும் சிறுமுதலீட்டுப் படம் 1997இல் அவருடைய திரைவாழ்வைத் தொடங்கிவைத்தது. பெரும் முதலீட்டுப் படவுலகின் கவனம் அவர்மீது விழுந்தது 2005இல் சஞ்சய் லீலா பன்சாலி இயக்கிய ‘பிளாக்’ படத்தால். அதன் தலைவி பார்வையும் செவிப்புலனும் அற்றவள். ஒலியையே அறியாத ஒருத்தியின் கதைக்கு ஒலி அமைக்கும் பணி அவர்க்குக் கிடைத்தமை வியப்புக்குரியதே.

ஒலி வடிவமைப்பாளரின் பணி யாது என்பதை ஈண்டு விளக்குதல் தகும். படப்பிடிப்புத் தளத்தில் குரலைப் பதிவு செய்வது முதற்படி. நீண்ட கழியின் முனையில் கட்டிய ஒலிவாங்கி நடிகரின் தலைக்கு மேல், படச்சட்டத்துள் விழாதவாறு தொடர்ந்து செல்லும். உடையினுள் மறைத்த சிறு ஒலிவாங்கிகளும் உண்டு. காட்சி முடிந்தபின், அனைவரையும் அசையாது நிற்கச் செய்து அவ்விடத்தின் அமைதியையும் சிறிது நேரம் பதிவு செய்வர். அமைதியைப் பதிவு செய்வானேன் என்னும் ஐயம் எழலாம். ஓட்டு வீட்டின் அமைதி வேறு, கூரை வீட்டின் அமைதி வேறு, தென்னந்தோப்பின் அமைதி வேறு. வசனங்களுக்கு இடையே அந்த அமைதியை நிரப்பாவிடில், காட்சி நடுவே குழி விழுந்தாற்போல் செவி தடுமாறும்.

இரண்டாம் படி, பேச்சு, பொருள்களின் ஓசை, சூழலோசை, இசை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகத் தொகுப்பது. எது எப்போது கேட்க வேண்டும், எது எப்போது ஒடுங்க வேண்டும் என வகுத்து அவற்றை ஒன்றாகக் கலப்பது இறுதிப் படி. ஓவியன் நிறங்களைக் கலப்பதை ஒத்த இப்பணி, நன்கு அமைந்தால் எவர் கவனத்துக்கும் வராது; பிழைபட்டால் மட்டுமே அனைவரும் அறிவர்.

உலக மேடையும் உள்நாட்டுப் புறக்கணிப்பும்

பிரிட்டிஷ் இயக்குநர் டேனி பாயில் 2008இல் உருவாக்கிய ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் சத்திரபதி சிவாஜி தொடர்வண்டி நிலையத்திலும் படமாக்கப்பட்டது. நெரிசலும் இரைச்சலும் மிக்க அவ்விடங்களில் நேரடியாகக் குரல் பதிவு செய்தல் அரிதினும் அரிது. படத்தின் முற்பகுதியில் வரும் சிறுவர்கள் இந்தியிலேயே பேசினர். அவர்தம் பேச்சும் நகரின் ஆரவாரமும் ஒன்றையொன்று விழுங்காமல் இணைந்து ஒலித்தன. 1931இல் தொடர்வண்டியோசைக்கு அஞ்சி நள்ளிரவில் படம் பிடித்த அதே நகரம், 77 ஆண்டுகளுக்குப் பின் தொடர்வண்டி நிலையத்தின் ஓசையையே உலகுக்கு வழங்கியது.

2009 பிப்ரவரியில் நடைபெற்ற 81ஆவது ஆஸ்கர் விழாவில் ரசூல் பூக்குட்டி, இயன் டாப், ரிச்சர்டு பிரைக் ஆகிய மூவரும் ஒலிக்கலவைக்கான விருதைப் பகிர்ந்துகொண்டனர். ஏ. ஆர். ரகுமான் இரு விருதுகளைப் பெற்றதும் அதே மேடையில்தான். ஓங்காரம் என்னும் ஒலிக்கு முன்னும் பின்னும் மௌனம் இருப்பதை ரசூல் தம் ஏற்புரையில் சுட்டினார். ஒலிக்கலைஞர் ஒருவர் உலக மேடையில் மௌனத்தைப் பற்றிப் பேசியது பொருத்தமுடையதே.

அவ்வாண்டுப் படங்களுக்கான 57ஆவது தேசிய விருதுகளில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை ஒன்றாயிருந்த ஒலிப்பதிவு விருது, களத்தில் ஒலி பதிவு செய்பவர், ஒலி வடிவமைப்பாளர், இறுதிக் கலவை செய்பவர் என மூவகையாகப் பிரிக்கப்பட்டது. ‘பழசிராஜா’ படத்திற்காக வடிவமைப்பாளர் விருதைப் பெற்றவர் ரசூல். 2010இல் பத்மஸ்ரீயும் அவர்க்கு வழங்கப்பட்டது.

இத்தனைக்குப் பின்னும் அவர் வாழ்வு மலர்ப்பாதையாக அமையவில்லை. ஆஸ்கர் விருதுக்குப் பின்னர் இந்திப் படவுலகில் தமக்கு வாய்ப்புகள் அருகிப்போயின என்றும், உளம் நொறுங்கும் நிலைக்குத் தாம் தள்ளப்பட்டதாகவும், அக்காலத்தில் தம்மைத் தாங்கியவை வட்டார மொழிப் படங்களே என்றும் 2020 ஜூலையில் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். சிறப்புக்குரிய விருது ஒருவனை அவன் தொழிற்களத்திலிருந்தே அயலாக்கிவிடும் என்பது கசப்பான பாடம். கருவிக்கும் நாளுக்கும் பொருட்செலவு கேட்கும் கலைஞனைவிட, கொடுத்ததைக் கொண்டு முடிப்பவனையே வணிகம் விரும்பும். மாற்றுத் திரையின் அருமை இங்கே புலனாகும். அங்கே பணம் குறைவு. ஆயினும் காதுகொடுத்துக் கேட்கும் இயக்குநர் உண்டு.

தமிழ்த் திரையில்

வட்டார மொழிகள் தாங்கின என்பதற்குத் தமிழும் சான்று. 2019இல் வெளிவந்த ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ படத்தில் இரா. பார்த்திபன் ஒருவரே திரையில் தோன்றுகிறார். விசாரணை அறையில் அவரைச் சூழ்ந்திருக்கும் காவலர் முதலிய ஏனையோர் அனைவரும் குரல்களாகவே வருகின்றனர். யார் எப்பக்கம் நிற்கிறார், யார் நெருங்கி வருகிறார், யார் விலகிச் செல்கிறார் என்பனவற்றைச் செவிதான் காண வேண்டும். அதன் இறுதிக் கலவைக்காக ரசூல் 67ஆவது தேசிய விருதுகளில் பரிசு பெற்றார். ‘மதிலுகள்’ நாராயணிக்குப் பின் ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து, முகமற்ற மாந்தர் ஓர் அறை நிறையத் தமிழ் பேசினர். அவ்வாண்டே வெளிவந்த ‘ஒரு கதை சொல்லட்டுமா’ படத்தில், பார்வையற்றோர்க்காகத் திருச்சூர்ப் பூரத்தின் ஒலியைப் பதிவு செய்ய முனையும் கலைஞனாக அவரே நடித்தார்.

இளைய தலைமுறை இதனினும் ஒரு படி சென்றது. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருதை வென்றது. 2024இல் பெர்லின் விழாவில் முதன்முதல் திரையிடப்பட்ட அவருடைய ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே இல்லை. ஆட்டோவின் உறுமல், கட்டப்பட்ட சேவலின் சிறகடிப்பு, வண்டிக்குள் கூடியிருப்போரின் வட்டாரப் பேச்சு, பேச மறுக்கும் பெண்ணின் மௌனம் ஆகியவையே இசையின் இடத்தில் நிற்கின்றன. அழுகைக் காட்சிக்கு வயலினும் அச்சத்திற்கு முரசும் வேண்டும் என்னும் நூற்றாண்டுப் பழக்கத்திற்கு இது விடை.

மலேசிய மண்ணின் ஓசை

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாறு அயலதன்று. தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்முதல் அவர்தம் செவி சென்னைக் கூடங்களில் பதிவான குரலுக்கே பழகியது. திரையில் கேட்கும் தமிழே தமிழ், வீட்டில் பேசும் தமிழ் தாழ்ந்தது என்னும் எண்ணமும் உடன் வளர்ந்தது. தீபக் குமரன் மேனன் 2005இல் ‘செம்மண் சாலை’யில் தோட்டத்து வாழ்வைக் காட்டியபோதும், சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் ‘ஜகாட்’ படத்தை அளித்தபோதும், அத்திரையில் ஒலித்தது மலேசியத் தமிழரின் சொந்தப் பேச்சு. மலாய்ச் சொற்கள் இயல்பாகக் கலந்த அப்பேச்சை மாற்றாமல் வைத்திருந்தமை ‘ஜகாட்’டின் வலிமைகளுள் ஒன்று. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

சுங்கை பூலோவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் மரங்கள் நெடுந்தொலைவு பரந்திருந்த ஊர் அது. விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் ஒலி, காண்டா வாளிகள் மோதும் ஓசை, கோடையில் இரப்பர்க் காய்கள் வெடித்துச் சிதறும் சத்தம் ஆகியவை இரப்பர் நிலத்தின் பறையும் யாழுமாக இருந்தன. அந்நிலத்தின் பெரும்பகுதி இப்போது புதுநகராகி வருகிறது. 2016 டிசம்பர் முதல் சுங்கை பூலோவிலிருந்து விரைவு இரயில் ஓடுகிறது. தொழுநோயாளர்க்கென 1930இல் அங்குத் திறக்கப்பட்ட குடியிருப்பில், ஊரினின்று விலக்கப்பட்டுப் பல இனத்தார் வாழ்ந்தனர். பிறந்த குழந்தையையும் பிரிய நேர்ந்த பெற்றோர் அவர்களுள் உண்டு. அவர்களுட் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். மதிலுக்கு அப்பாலிருந்து வரும் குரலைக் கேட்க ஒரு பஷீர் இருந்தார். இங்கே கேட்டவர் சிலரே.

கட்டடத்தின் படம் எங்கேனும் ஓர் ஏட்டில் எஞ்சியிருக்கும். பேச்சும் ஓசையும் பதியப்படாவிடில் அடுத்த நொடியே இல்லாமற்போகும். தேவதாஸ் தோளில் சுமந்த கருவியின் பணியை இன்று மாணவர் ஒவ்வொருவரின் கைப்பேசியும் செய்யும். முன்னாள் பால்மரத் தொழிலாளியான பாட்டியார் பெரட்டைப் பற்றிக் கூறும் பத்து நிமிடப் பேச்சை, திருத்தாமலும் செந்தமிழாக்காமலும் பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வைத்தலை ஒரு பள்ளிப் பயிற்சியாகவே தமிழாசிரியர் அளிக்கலாம். கருப்பொருள் என்னும் இலக்கணமும் அவ்வழி மாணவர்க்கு எளிதில் விளங்கும். பதிவு முடிந்ததும் உடனே நிறுத்திவிடாமல், அவ்வீட்டின் அமைதியையும் ஒரு நிமிடம் சேர்த்துப் பதிவு செய்துகொள்வது நன்று. அந்த அமைதியும் அவ்வீட்டுக்கே உரியது.